சக்காரா, தஹ்ஷூர், கீசா: பிரமிடுகளைக் கட்டிய வரிசையிலேயே ஒரே நாளில் பார்க்க முழுமையான வழிகாட்டி

கெய்ரோவில் யாரிடம் பிரமிடு பார்க்க வேண்டும் என்று சொன்னாலும் நேராகக் கீசாவுக்குத்தான் அனுப்பிவைப்பார்கள். மூன்று பிரமிடு, சிங்க உடலும் மனிதத் தலையுமான ஒரு ஸ்பிங்க்ஸ், ஒட்டகத்தின் மேல் ஒரு போட்டோ, மதியச் சாப்பாட்டுக்கு ஓட்டலுக்குத் திரும்பிவிடலாம். முதல் முறை நானும் அப்படித்தான் போனேன். பெரிதாக இருந்தது. ஆனால் அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இரண்டாவது முறை வழிகாட்டியாக வந்த பெண்மணி ஒரு யோசனை சொன்னார். "கீசாவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பிரமிடு எதுவோ அங்கிருந்து தொடங்குவோம்." சக்காராவில் ஜோசர் மன்னனின் படிப் பிரமிடு ஏறக்குறைய கி.மு. 2650-ஐ ஒட்டி எழுந்தது. கீசாவில் கூஃபு மன்னனின் பெரிய பிரமிடு கி.மு. 2560 வாக்கில் முடிந்தது. இடையில் நூறு ஆண்டுகூட முழுசாக இல்லை. அந்த இடைவெளியில் எகிப்தியர்கள் கல்லில் கட்டக் கற்றுக்கொண்டது, தப்புச் செய்தது, திருத்தியது எல்லாம் கெய்ரோவுக்குத் தெற்கே 40 கிலோமீட்டருக்குள் அப்படியே நிற்கிறது. அந்த வரிசையில் பார்த்துவிட்டுக் கீசாவில் இறங்கினால், அதே மூன்று பிரமிடும் வேறு மாதிரித் தெரியும். அதற்கான திட்டம்தான் இது.

கிளம்புவதற்கு முன்

மாதம்: அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை நல்லது. மார்ச்சுக்குப் பிறகு மே வரை அவ்வப்போது கம்சீன் என்ற மணல்காற்று வீசும். அது வீசும் நாளில் பிரமிடு பக்கத்தில் இருந்தாலும் மங்கலாகத்தான் தெரியும். கோடையில் போகவே முடியாது என்றில்லை, ஆனால் இந்தத் திட்டத்தை ஒரே நாளில் முடிக்க முடியாது. ரமலான் மாதத்தில் எல்லா இடமும் சீக்கிரம் மூடிவிடும், அப்போது இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கிழமை: எகிப்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அந்த இரண்டு நாளும் கீசாவில் உள்ளூர்க் குடும்பங்களின் கூட்டம் நெரியும். ஞாயிறு முதல் வியாழன் வரை ஏதாவது ஒரு நாள் பாருங்கள்.

வழிகாட்டி: அரசு உரிமம் பெற்றவர்தானா என்று அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். தப்பாக நினைக்க மாட்டார்கள், அது அங்கே வழக்கம்தான். உரிமம் உள்ள பலர் எகிப்தியவியல் படித்துவிட்டு வந்தவர்கள். இவர்களுக்கும் வாசலில் நின்று "நான் காட்டுகிறேன் வாருங்கள்" என்பவர்களுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பணம் பேசும்போதே நான்கு விஷயத்தைத் தீர்த்துவிடுங்கள். ஒன்று, காரும் ஓட்டுநரும் நாள் முழுக்க உங்களுக்கு மட்டும்தானா. இரண்டு, நுழைவுச் சீட்டுகள் அந்தத் தொகையில் அடங்குமா. பெரும்பாலும் அடங்காது. மூன்று, சாப்பாடு. நான்காவதுதான் முக்கியம்: கடை வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். சக்காரா சாலையில் கம்பளப் பள்ளி என்று பலகை மாட்டிய கடைகள் வரிசையாக இருக்கின்றன. கீசா பக்கம் வந்தால் பாப்பிரஸ் (பழைய எகிப்திய நாணல் தாள்) கடையும் வாசனைத் தைலக் கடையும். ஐந்து நிமிடம் என்று சொல்லித்தான் உள்ளே கூட்டிப்போவார்கள். முதல் பயணத்தில் நான் ஒரு பாப்பிரஸ் கடையில் டீ குடித்தபடி ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் எனக்குத் தேவையே இல்லாத ஒரு பறவைப் படத்தோடு வெளியே வந்தேன். வழிகாட்டிக்கு அதில் கமிஷன் உண்டு, அதையும் சேர்த்துத்தான் அவர் தன் கூலியைக் குறைத்துச் சொல்லியிருப்பார். கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்துவிட்டு, கடையை விட்டுவிடச் சொல்வது நல்லது.

பையில்: ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, அழுக்கானால் பரவாயில்லை என்கிற பேண்ட், சறுக்காத ஷூ, சின்ன டார்ச். வங்கி அட்டை கட்டாயம், பல சீட்டுக் கவுன்டர்களில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். அதே சமயம் சின்ன நோட்டுகளாகக் கொஞ்சம் எகிப்திய பவுண்டும் வேண்டும். ஏன் என்று பின்னால் வருகிறது.

காலை 7 மணி: சக்காரா

கெய்ரோ நடுவிலிருந்து சக்காரா சுமார் 30 கிலோமீட்டர். 7 மணிக்குக் கிளம்பினால் 8 மணி வாக்கில் வாசலில் இருக்கலாம். கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டருக்குக் கண்ணைத் திறந்து வையுங்கள். இரு பக்கமும் பேரீச்சந்தோப்பு, வாய்க்கால், கழுதை வண்டி என்று பச்சையாக வந்துகொண்டே இருக்கும். திடீரென்று அது முடிந்து மணல் மேடு தொடங்கும். ஒரு காலைப் பச்சையிலும் மறு காலைப் பாலைவனத்திலும் வைத்து நிற்கலாம், அவ்வளவு கூரான எல்லை. நைல் வெள்ளம் எட்டும் மண்ணில் உயிரோடு இருப்பவர்கள் விவசாயம் செய்தார்கள், எட்டாத மேட்டில் இறந்தவர்களை வைத்தார்கள்.

சீட்டு எடுக்கும்போது பொதுச் சீட்டோடு கல்லறைகளுக்கான கூடுதல் சீட்டுகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே போனபின் திரும்பி வந்து வாங்குவது வெயிலில் வீண் நடை.

முதலில் ஜோசர் வளாகம். சுற்றிலும் பத்து மீட்டருக்கு மேல் உயரமான சுண்ணாம்புக்கல் மதில். அதில் பதினைந்து வாசல் தெரியும், பதினான்கு பொய். உண்மையான ஒரே வாசல் தென்கிழக்கு மூலையில். நுழைந்தவுடன் எல்லோரும் பிரமிடை நோக்கி வேகமாக நடப்பார்கள். நீங்கள் நில்லுங்கள். இந்த நாளின் முதல் பாடம் அந்த நடையில்தான் இருக்கிறது.

வாசல் பக்கத்தில் ஒரு கதவு திறந்தபடி சுவரோடு ஒட்டி நிற்கும். தொட்டுப் பார்த்தால் கல். மூடவே முடியாத, திறந்த மரக்கதவு போலச் செதுக்கிய கல். மேலே அண்ணாந்து பாருங்கள், கூரைக் கல்லை வரிசையாக அடுக்கிய பேரீச்சை மரத்தடிகள் போல உருண்டையாகச் செதுக்கியிருப்பார்கள். இரு பக்கமும் இருபது இருபதாக நாற்பது தூண். நாணல் கட்டுகளைச் சேர்த்துக் கட்டியது போல வரிவரியாக இருக்கும். அப்புறம் தூணின் பின்பக்கம் பாருங்கள்: ஒவ்வொரு தூணும் ஒரு குட்டிச் சுவரால் பக்கச் சுவரோடு இணைந்திருக்கிறது. தனியாக நிறுத்தினால் நிற்குமா என்று அவர்களுக்கே நம்பிக்கை வரவில்லை. மரத்திலும் நாணலிலும் மண்ணிலும் கட்டிப் பழகியவர்கள் முதல்முறை பெரிய அளவில் கல்லைத் தொட்டபோது, தெரிந்த பொருளின் வடிவத்தையே கல்லில் செய்திருக்கிறார்கள். அந்தக் குட்டிச் சுவர்களை என் விரலால் அளந்துகொண்டு நான் பத்து நிமிடம் நின்றேன். எங்கள் வழிகாட்டி சிரித்தார், அவசரப்படுத்தவில்லை.

இப்போது பிரமிடு. ஆறு படி, சுமார் 62 மீட்டர் உயரம். இதை அமைத்தவர் ஜோசரின் அமைச்சர் இம்ஹோடெப் என்று சொல்லப்படுகிறது. பிற்காலத்தில் எகிப்தியர்கள் அவரைத் தெய்வமாகவே கும்பிட்டார்கள். தொடக்கத்தில் இது வெறும் தட்டையான மேடை, மஸ்தபா என்பார்கள். அதைப் பெரிதாக்கினார்கள், பிறகு அதன் மேல் அடுக்கி நான்கு படியாக்கினார்கள், மறுபடியும் விரித்து ஆறு படியாக்கினார்கள். தென்கிழக்குப் பக்கம் கீழ்ப்பகுதியில் பழைய மேடையின் விளிம்பு இன்னும் தெரிகிறது, வழிகாட்டியிடம் காட்டச் சொல்லுங்கள். கீழே 28 மீட்டர் ஆழக் குழி ஒன்றில் மன்னனின் கிரானைட் கல்லறை இருக்கிறது. 14 ஆண்டு பழுதுபார்ப்புக்குப் பிறகு 2020 மார்ச்சில் உட்பகுதியைத் திறந்தார்கள்.

வடக்குப் பக்கம் சுற்றிப் போனால் பிரமிடின் மேல் சாய்ந்தபடி கல்லால் ஆன ஒரு சின்ன அறை. முன்சுவரில் கண் உயரத்தில் இரண்டு ஓட்டை. அதில் கண்ணை வைத்துப் பாருங்கள், உள்ளிருந்து ஜோசர் உங்களைப் பார்ப்பார். சிலை நகல்தான், அசல் கெய்ரோ தஹ்ரீர் சதுக்கத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓட்டைகள் நமக்காகப் போட்டவை அல்ல. மன்னன் வட வானத்து நட்சத்திரங்களைப் பார்ப்பதற்காகவும் படையல் புகை அவரிடம் போவதற்காகவும் வைத்தவை.

அடுத்து உனாஸ் அல்லது டெட்டி மன்னனின் பிரமிடு, அன்று எது திறந்திருக்கிறதோ அது. வெளியே இரண்டும் மண்மேடு போல இடிந்து கிடக்கும். குனிந்து உள்ளே இறங்கினால் சுவர் முழுக்க நெடுக்கு வரிசையில் எழுத்து, கூரை முழுக்க நட்சத்திரம். ஐந்தாம் வம்சத்தின் கடைசி மன்னன் உனாஸின் காலத்தில்தான், கி.மு. 2350 வாக்கில், பிரமிடுக்குள் முதன்முதலில் எழுதினார்கள். 1881-ல் பிரெஞ்சு எகிப்தியவியலாளர் காஸ்தோன் மாஸ்பெரோ இதைத் திறந்தார். மறுமையில் மன்னன் தடங்கலில்லாமல் போய்ச்சேர உச்சரிக்க வேண்டிய மந்திரங்கள் அவை. கீசா பிரமிடுகளுக்குள் இப்படி ஓர் எழுத்துகூடப் பார்க்க முடியாது, அதனால் இங்கேயே ஆசை தீரப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெட்டி பிரமிடுக்கு எதிரே அவருடைய அமைச்சர்கள் கல்லறை. மெரெருக்காவின் கல்லறையில் முப்பதுக்கு மேல் அறை. மன்னர்கள் கல்லறையில் மந்திரங்கள். அமைச்சர்கள் கல்லறையில் அன்றாட வாழ்க்கை. மீன் பிடிக்கிறார்கள், கழுதைப்புலியை மல்லாக்கப் படுக்கவைத்து வாயில் திணித்து ஊட்டுகிறார்கள், நகை செய்கிறார்கள். வரிக் கணக்குக் காட்ட ஊர்த் தலைவர்களை இழுத்து வருகிற காட்சியில், ஒருவரைக் கம்பத்தில் கட்டி அடிக்கிறார்கள். பக்கத்தில் எழுத்தர்கள் முகத்தில் சலனமே இல்லாமல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த கட்டடம் காகெம்னியுடையது. அங்கே ஒரு ஆள் தன் வாயிலிருந்தே ஒரு குட்டிக்கு உணவு ஊட்டுகிறார். பன்றிக்குட்டி என்கிறார்கள், நாய்க்குட்டி என்று வாதாடுபவர்களும் உண்டு.

செராபியம் வேண்டுமா என்பது உங்கள் நேரத்தைப் பொறுத்தது. 1851-ல் பிரெஞ்சு எகிப்தியவியலாளர் ஒகுஸ்த் மரியெத் உள்ளே நுழைந்த சுரங்கம். ஏபிஸ் என்ற புனிதக் காளைகளை வைத்த, பல பத்து டன் எடையுள்ள கல்பெட்டிகள் இரு பக்கமும் இருட்டில் வரிசையாக நிற்கும். எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் மெரெருக்கா, செராபியம் இரண்டில் ஒன்றுதான் என்றால் மெரெருக்காதான்.

சக்காராவில் எச்சரிக்கை ஒன்று. நீல அங்கியும் தலைப்பாகையும் அணிந்த காவலாளி ஒருவர் உங்களை விரலால் கூப்பிட்டு, "இங்கே வாருங்கள், விசேஷம்" என்பார். டார்ச் அடித்து ஒரு மூலையைக் காட்டுவார். அப்புறம் கை நீளும். அதுதான் பக்‌ஷீஷ். உண்மையிலேயே நல்லதைக் காட்டியிருந்தால் சின்ன நோட்டு ஒன்று கொடுங்கள், தப்பில்லை. வேண்டாம் என்றால் "லா, சுக்ரன்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருங்கள். நின்றால் பேச்சு தொடங்கிவிடும்.

10.45: மெம்ஃபிஸ், அரை மணி போதும்

மித் ரஹீனா கிராமத்தில் இருக்கிறது. பழைய எகிப்தின் தலைநகரம் என்று பெயர் பெரிது. மிஞ்சியது ஒரு தோட்டம்தான். மண்ணால் கட்டிய நகரம், வெள்ளமும் விவசாயமும் கரைத்துவிட்டன. நேரம் தட்டினால் முதலில் வெட்டவேண்டியது இதைத்தான்.

ஆனால் போனால், மல்லாந்து கிடக்கும் இரண்டாம் ராம்செஸைப் பார்க்காமல் வராதீர்கள். 1820-ல் கண்டெடுத்த சுண்ணாம்புக்கல் சிலை, கால் உடைந்தும் பத்து மீட்டர் நீளம். மாடியில் நின்று கீழே பார்க்க வேண்டும். நமக்கும் இவருக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு: இவருடைய மம்மியின் மூக்குத் துளைக்குள் மிளகு வைத்திருந்தார்கள். இவர் இறந்தது கி.மு. 1213. மிளகு விளைந்தது தென்னிந்திய மலைச்சரிவுகளில். எந்தக் கை மாறி எந்தக் கடல் தாண்டி அது அங்கே போனதோ.

11.45: தஹ்ஷூர்

என்னைக் கேட்டால் இந்த நாளின் உச்சம் இதுதான். சக்காராவுக்குத் தெற்கே பத்துக் கிலோமீட்டர். பஸ் கூட்டம் இங்கே வருவதில்லை. நாங்கள் போனபோது இங்குள்ள இரண்டு பெரிய பிரமிடுக்கும் சேர்த்து முப்பது பேர் இருந்தால் அதிகம். கழிப்பறை வேலையைச் சக்காராவிலேயே முடித்துவிட்டு வாருங்கள்.

இரண்டையும் கட்டியவர் ஸ்னெஃபெரு, கூஃபுவின் தந்தை. இவர் கட்டிய பிரமிடுகளின் கல்லைக் கூட்டிப் பார்த்தால் மகனுடையதை விட அதிகம். பெயர் மட்டும் மகனுக்குப் போய்விட்டது.

முதலில் வளைந்த பிரமிடு. கீழே 54 பாகைச் சரிவில் செங்குத்தாக எழும்பி, பாதி உயரத்துக்குச் சற்று முன்னால் மனசு மாறியது போல 43 பாகைக்குப் படுத்துவிடும். அடித்தளம் உறுதியாக இல்லை, உள்ளே விரிசல் விட்டது, பாரத்தைக் குறைக்கச் சரிவைக் குறைத்தார்கள் என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். வேறெந்தப் பெரிய பிரமிடிலும் இல்லாத அளவுக்கு இதில் வழுவழுப்பான மேலுறைக் கல் மிச்சமிருக்கிறது. மூலைக்குப் போய்க் கல்லின் கிடையைப் பாருங்கள். கீழ்ப்பாதியில் வரிசைகள் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும், பழைய பழக்கம். மேல்பாதியில் கிடைமட்டமாக இருக்கும், புதுப் பழக்கம். பாதிக் கட்டடத்தில் பாடம் படித்து மீதிப் பாதியில் செய்துபார்த்திருக்கிறார்கள். உள்ளே போக 2019-ல் மறுபடியும் அனுமதித்தார்கள். இடுக்கான பாதை, நீளமும் அதிகம். முழங்காலைச் சிவப்புப் பிரமிடுக்கு மிச்சம் வையுங்கள்.

சிவப்புப் பிரமிடு முழுக்க முழுக்க 43 பாகை. பயம் தெளிந்த கை. சரியான பிரமிடு வடிவில் நின்று நிலைத்த முதல் பெரிய கட்டடம் இதுதான். உயரம் சுமார் 105 மீட்டர். உள்ளே போகத் தஹ்ஷூர் பொதுச் சீட்டே போதும். வெளியே 28 மீட்டர் உயரம் படி ஏறி, பிறகு ஒரு துளைக்குள் நுழைந்து, அறுபது மீட்டருக்கு மேல் குனிந்தபடியே இறங்க வேண்டும். உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான், குறுக்குக் கட்டைகள் பதித்த பலகையில் இறங்கலாம். பின்னோக்கி, ஏணியில் இறங்குவது போல இறங்குங்கள். முதுகுக்கு அதுதான் நல்லது. பையை வெளியே வழிகாட்டியிடம் கொடுத்துவிடுங்கள். அவர்கள் உள்ளே வருவதில்லை, வெளியிலேயே விளக்கிவிட்டு அனுப்புவார்கள்.

கீழே அம்மோனியா நெடி அடிக்கும். ஒரு நிமிடத்தில் பழகிவிடும். நிமிர்ந்து நின்று டார்ச்சை மேலே அடியுங்கள். இரு பக்கச் சுவரும் அடுக்கடுக்காக உள்ளே தள்ளித் தள்ளி, பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் ஒரு கோடாகச் சேர்கின்றன. ஒவ்வொரு கல்வரிசையும் கீழ்வரிசையை விடக் கொஞ்சம் முன்னால் நீண்டிருக்கிறது, அவ்வளவுதான் சூத்திரம். மேலே இருக்கும் மலையளவு கல் 4,500 ஆண்டாக அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. நான் போனபோது அந்த அறையில் வேறு யாரும் இல்லை. என் மூச்சுச் சத்தம் மேலே போய்த் திரும்பி வந்தது.

இதய நோய், ஆஸ்துமா, இடுங்கின இடத்தில் பயம் உள்ளவர்கள் இறங்க வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்களும். ஏறி வரும்போது தொடை நடுங்கும்.

1 மணி: சாப்பாடு

உட்கார்ந்து சாப்பிடும் தோட்ட உணவகங்கள் சக்காரா சாலையில் நிறைய. கரியில் சுட்ட இறைச்சிதான் பிரதானம், ஒரு மணி நேரம் போய்விடும். எங்கள் ஓட்டுநர் காலையிலேயே தாமியா வாங்கி வைத்திருந்தார். ஃபலாஃபலுக்கு எகிப்தில் அதுதான் பெயர், கொண்டைக்கடலைக்குப் பதில் ஃபாவா பயற்றில் செய்வார்கள். உள்ளே பச்சையாக, மசால்வடைக்குத் தம்பி மாதிரி இருக்கும். ரொட்டிக்குள் வைத்துக் காரிலேயே சாப்பிட்டோம். சைவர்களுக்குக் கொஷரியும் உண்டு: சோறு, பருப்பு, மக்ரோனி, வறுத்த வெங்காயம், தக்காளிச் சாறு. அதைப் பயணத்துக்கு முந்தைய இரவே கெய்ரோவில் சாப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். ஓடும் காரில் அது சரிவராது.

2.30: கீசா

இதற்கு மேல் தாமதித்தால் கதவு மூடும் கவலை வந்துவிடும். ஃபையூம் சாலைப் பக்கம் இருக்கும் புது வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். 2025 முதல் உள்ளே மின்சாரப் பேருந்துகள் ஓடுகின்றன, நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஏறி இறங்கலாம். உங்கள் கார் வெளியே நிற்கும். எந்த வாசலில் மறுபடி சந்திப்பது என்று ஓட்டுநரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

முதல் நிறுத்தம் கூஃபு. பக்கத்துக்கு 230 மீட்டர், கட்டியபோது உயரம் 146 மீட்டருக்கு மேல், சுமார் 23 லட்சம் கல். சரிவு 51 பாகை சொச்சம். வளைந்த பிரமிடில் தோற்ற செங்குத்துக்குக் கிட்டத்தட்டத் திரும்பிப் போயிருக்கிறார்கள், இந்த முறை பாறை மேல் அடித்தளம் போட்டு. காலையில் பார்த்த குட்டிச் சுவரெல்லாம் அப்போது ஞாபகத்துக்கு வரும்.

உள்ளே போவதற்குத் தனிச் சீட்டு, விலையும் கூடுதல். சிவப்புப் பிரமிடில் இறங்கியவர்களுக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன். 47 மீட்டர் நீளப் பெரும் மாடம் அற்புதம்தான். ஆனால் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று வரிசையில் ஏறி, வியர்த்து, மன்னன் அறையில் ஐந்து நிமிடம் நின்று திரும்ப வேண்டியிருக்கும். அஸ்வானிலிருந்து 800 கிலோமீட்டர் நைல் வழியே வந்த கிரானைட்டைத் தொட்டே ஆக வேண்டும் என்பவர்கள் மட்டும் போங்கள். இங்கே வழிகாட்டியிடம் மெரெர் பற்றிக் கேளுங்கள். 2013-ல் செங்கடல் கரையில் வாதி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகள் இந்த அதிகாரியுடைய வேலைக் குறிப்பு. தூரா குவாரியிலிருந்து படகில் சுண்ணாம்புக்கல் ஏற்றி இந்தப் பிரமிடுக்குக் கொண்டுவந்ததை நாள்வாரியாக எழுதிவைத்திருக்கிறார்.

கூஃபுவின் மகன் காஃப்ரேயின் பிரமிடு உச்சியில் மட்டும் பழைய மேலுறை தொப்பி போல ஒட்டியிருக்கும். மேட்டில் நிற்பதால் கூஃபுவை விட உயரமாகத் தெரியும், உண்மையில் இல்லை. காஃப்ரேயின் மகன் மென்கவுரேயின் பிரமிடு சின்னது, 65 மீட்டர். அதன் வடபக்கத்து நீண்ட வெட்டுக்காயம் சுல்தான் சலாதீனின் மகன் அல்-அசீஸ் உஸ்மான் 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இடிக்க முயன்றதன் அடையாளம். மாதக்கணக்கில் முயன்று கைவிட்டார்கள்.

ஒட்டகம் ஏற ஆசையிருந்தால், பேசும் விலை ஏறுவதற்கு மட்டுமா, இறங்குவதற்கும் சேர்த்தா என்று கேளுங்கள். சிரிப்பு வரும், ஆனால் மேலே உட்கார்ந்தபின் கேட்டால் சிரிப்பு வராது. விலங்கு எலும்பும் தோலுமாகத் தெரிந்தால் ஏறவே வேண்டாம்.

ஸ்பிங்க்ஸைக் கடைசியில் வைக்கலாம். தனித்தனிக் கல்லால் கட்டியதில்லை. இருந்த பாறையைக் குடைந்து செதுக்கியது, 73 மீட்டர் நீளம். மூக்கை நெப்போலியனின் பீரங்கி உடைத்தது என்று யாராவது சொன்னால், அவர் எகிப்துக்கு வந்தது 1798-ல் என்றும், 1737-ல் நோர்டன் என்ற டேனிஷ்காரர் வரைந்த படத்திலேயே மூக்கு இல்லை என்றும் சொல்லுங்கள்.

திரும்பும் வழியில் கெய்ரோ போக்குவரத்தில் ஒரு மணி நேரமாவது நகர்ந்து நகர்ந்து போக வேண்டும். வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் அன்பளிப்பைத் தனித்தனியாகக் கையில் கொடுங்கள். ஒருவரிடம் கொடுத்துப் பிரித்துக்கொள்ளச் சொல்லாதீர்கள்.

மறுநாள் திட்டத்தில் படி ஏறும் வேலை எதையும் வைக்க வேண்டாம், தொடை கேட்காது. கீசா பக்கத்திலேயே இருக்கும் கிராண்ட் எகிப்திய அருங்காட்சியகம் அதற்குத் தோதான இடம். 2025 நவம்பரில் முறைப்படி திறந்தார்கள். கூஃபுவின் 43 மீட்டர் மரப்படகு அங்கேதான் இருக்கிறது. நுழைவு மண்டபத்தில் இன்னொரு ராம்செஸ், இவர் நின்றுகொண்டிருக்கிறார். பெரிய படிக்கட்டுக்குப் பக்கத்தில் எஸ்கலேட்டர் உண்டு.